எச்சரிக்கை அறிவிப்புகளும் அவற்றை நிர்வகிக்கும் நிரல் முறைகளும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, சென்னையிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையின் மீது அமைந்துள்ள ஊர் தடா. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருப்பதி மாவட்டம் புதிதாக அமைக்கப்படும் வரை இவ்வூர் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அதற்கும் அப்பால் வங்காள விரிகுடா. ஏரியின் நடுவேயுள்ள இரக்கம் தீவு தடா மண்டலத்துக்கு உட்பட்டது. அத்தீவினர் கரைக்கு வந்து செல்லப் படகே வழியாக இருந்து வந்துள்ளது. ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இருகரைகளிலும் உள்ளன.

இக்கரை புயல்களை நன்கு அறிந்த கரையாகும். 1984ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கடும் புயல் ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அருகே கரையைக் கடந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வட தமிழகக் கரைக்கும் தென் ஆந்திரக் கரைக்கும் அருகே நகர்ந்து, டிசம்பர் 5ஆம் நாள், வடக்கே வெகுதொலைவிலுள்ள பாபட்லாவுக்கு அருகில் கரையேறியது.

இத்தகைய இடத்தில் வாழும் மீனவர் ஒருவருக்கு, 'இன்று ஏரிக்குச் செல்லவேண்டாம்' என்னும் செய்தி உரிய வேளையில் கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். காரணமின்றிக் கிடைத்துவிட்டாலோ அன்றைய வருமானம் போகும். காரணமற்ற செய்திகள் பல முறை வருமாயின், பின்னர் உண்மையான செய்தி வரும் நாளில் அதை அவர் பொருட்படுத்தமாட்டார். ஆகவே எச்சரிக்கையை அனுப்பும் கணிப்பொறி நிரலை எழுதுவோர், செய்தி போய்ச் சேரவேண்டும் என்பதுடன், அதன்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கை குறையாதிருக்கவும் வழிசெய்தல் வேண்டும். அதற்கான முறைகளைக் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்துகொள்ளும் வகையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய முறைகள் கற்பிப்பவை

கணிப்பொறி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே எச்சரிக்கை அறிவிப்புகளுக்குத் திட்டமான ஒழுங்குமுறை இருந்தது. சென்னை, எண்ணூர், கிருஷ்ணபட்டினம் முதலிய துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படுவதைப் பலரும் அறிவர். இவற்றுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பகலில் கூம்பு, உருளை ஆகிய வடிவங்களாலும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் இவை காட்டப்படும். எண் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொருள்தான் உண்டு. புதிய எண் ஏற்றப்படும்போது பழையது இறக்கப்பட்டுவிடும். ஆதலின் கம்பத்தைப் பார்க்கும் மாலுமிக்கு எது இன்றைய நிலை என்பதில் ஐயம் எழாது.

இந்திய வானிலை ஆய்வுத்துறை புயல் எச்சரிக்கையை நான்கு கட்டங்களாக வெளியிடுகிறது. முதலாவது, 72 மணி நேரத்துக்கு முன்னர் வரும் முன்னறிவிப்பு. இரண்டாவது, குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னர் வரும் உஷார்ச் செய்தி. மூன்றாவது, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்னர் வரும் எச்சரிக்கை. நான்காவது, புயல் கரை கடந்தபின் உள்நாட்டில் நிகழக்கூடியதைப் பற்றி, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன்னரே வெளியிடப்படும் குறிப்பு. இவற்றுடன் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறக் குறியீடுகளும் வழக்கில் உள்ளன.

1980ஆம் ஆண்டுகளில் இன்ஸாட் செயற்கைக்கோள் வழியாகத் தமிழ்நாடு, ஆந்திரக் கரையோரங்களில் அமைக்கப்பட்ட ஏற்பிகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறை ஏற்பட்டது. இதில் குறிப்பிடத்தக்க அம்சம் யாதெனில், கரையிலுள்ள எல்லா ஏற்பிகளும் ஒருங்கே ஒலிக்கவேண்டியதில்லை. ஆபத்துக்குள்ளாகும் பகுதியின் ஏற்பிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இயக்கி, அவ்விடத்து மொழியிலேயே செய்தியைக் கேட்பிக்க இயன்றது.

ஒரு செய்திக்கு ஒரு பொருள், புதியது வந்தால் பழையது நீங்குதல், உரிய இடத்துக்கு மட்டும் உரிய மொழியில் செல்லுதல் ஆகிய இம்மூன்றும் இன்றைய நிரல்களுக்கும் அடிப்படையாகும்.

அறிவிப்பின் உறுப்புகள்

'கடும் காற்று வீசும், எச்சரிக்கை' என்னும் வெறும் வாசகத்தை மனிதர் புரிந்துகொள்வர். ஆனால் கணிப்பொறியால் அதை நிர்வகிக்க இயலாது. எப்போது எழுதப்பட்டது, யார் எழுதியது, எவ்வளவு காலம் செல்லும் என்பவை அதில் இல்லை. இக்குறையை நீக்க உலகின் பல நாடுகள் ஏற்றுக்கொண்டுள்ள அமைப்பு 'பொது எச்சரிக்கை நெறிமுறை' எனப்படும். இதன் முதற் பதிப்பு 2004ஆம் ஆண்டிலும், 1.2 எனக் குறிக்கப்படும் பதிப்பு 2010ஆம் ஆண்டிலும் வெளியாயின. சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கமும் இதனைத் தன் பரிந்துரைகளில் ஒன்றாக ஏற்றுள்ளது. இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்காகச் சி-டாட் நிறுவனம் உருவாக்கிய 'சசேத்' என்னும் ஏற்பாடு இந்நெறிமுறையைத் தழுவியதே. வானிலை, வெள்ளம், கடல்நிலை முதலியவற்றை ஆராயும் துறைகள் இதன் வழியாகச் செய்தியை அளிக்க, மாநிலப் பேரிடர் மேலாண்மை அமைப்புகள் அதனைப் பார்வையிட்டு மக்களுக்கு அனுப்புகின்றன.

இந்நெறிமுறைப்படி ஓர் அறிவிப்பில் கீழ்க்கண்டவை இடம்பெறும்.

(1) அடையாள எண்: வேறெந்த அறிவிப்புக்கும் வழங்கப்படாதது.
(2) அனுப்புபவரின் பெயரும் அனுப்பிய நேரமும்.
(3) நிலை: உண்மையான அறிவிப்பா, பயிற்சியா, சோதனையா என்பது.
(4) வகை: புதியதா, முந்தியதைத் திருத்துவதா, முந்தியதை ரத்து செய்வதா என்பது.
(5) மேற்கோள்: திருத்தமோ ரத்தோ ஆயின், எந்த அறிவிப்பைக் குறித்தது என்பது.
(6) அவசரம், கடுமை, உறுதி ஆகிய மூன்று அளவுகள்.
(7) தொடங்கும் நேரம், காலாவதியாகும் நேரம்.
(8) பொருந்தும் பகுதி.
(9) ஒவ்வொரு மொழியிலும் விளக்கமும், மக்கள் செய்யவேண்டியதும்.

ஆறாவதாகக் கூறிய மூன்று அளவுகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது. மூன்று நாட்களுக்குப் பின் வரக்கூடிய பெரும்புயல் கடுமை மிக்கது. ஆனால் அவசரம் குறைந்தது. அரை மணியில் வரும் இடிமழை அவசரமானது. அதன் கடுமை நடுத்தரமாயிருக்கலாம். ராடார் காட்டுவதை நேரில் கண்டு எழுதும் செய்திக்கு உறுதி மிகுதி. கணக்கீட்டால் ஊகித்ததற்கு உறுதி குறைவு. மூன்றும் தனித்தனியே குறிக்கப்பட்டால்தான், எதை முதலில் அனுப்புவது, எதற்கு மணியொலிப்பது, எதனை வெறும் குறிப்பாகக் காட்டுவது என்பதை நிரல் தீர்மானிக்க இயலும்.

புதுப்பித்தலும் ரத்தும்

மிக்ஜாம் போன்ற புயல் கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே செல்லும்போது ஆபத்துக்குரிய பகுதியும் நகர்கிறது. காலையில் தடாவுக்குப் பொருந்திய செய்தி மாலையில் நெல்லூருக்கும் அதற்கு வடக்கிலும் பொருந்துவதாக மாறலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்த புதிய செய்தியாக அனுப்பினால், கைப்பேசியில் ஒன்றுக்கொன்று முரணான பல செய்திகள் குவியும். எது இறுதியானது என்பது படிப்பவருக்கு விளங்காது. துறைமுகக் கம்பத்தில் எல்லாக் கூண்டுகளையும் ஒருசேர ஏற்றியது போலாகும்.

எனவே நிரல் பின்வரும் விதிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

விதி 1. அறிவிப்புகள் யாவும் ஒரு பதிவேட்டில் அடையாள எண்ணுடன் வைக்கப்படவேண்டும்.

விதி 2. திருத்தம் வரும்போது, அது மேற்கோள் காட்டும் அறிவிப்பு 'விலக்கப்பட்டது' எனக் குறிக்கப்பட்டு, திரையில் அதன் இடத்தில் புதியது தோன்றவேண்டும்.

விதி 3. மேற்கோள் காட்டப்பட்ட அறிவிப்பு இன்னும் வந்து சேராதிருந்தாலும், அதன் எண்ணை விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் முன்கூட்டியே எழுதிவிடவேண்டும். வலையமைப்பில் முன்னர் அனுப்பியது பின்னர் வருவது வழக்கமே. அவ்வாறு தாமதித்து வரும் பழைய செய்தி, புதிய செய்தியை அகற்றிவிடக் கூடாது.

விதி 4. ரத்து செய்யப்பட்ட அறிவிப்பு மீண்டும் உயிர்பெறலாகாது. ஆபத்து திரும்பவும் ஏற்பட்டால் புதிய எண்ணுடன் புதிய அறிவிப்பே வெளியிடப்படவேண்டும்.

விதி 5. காலாவதி நேரம் கடந்தவுடன், ரத்துச் செய்தி வராவிட்டாலும், அறிவிப்பு தானாகவே விலகவேண்டும்.

ஐந்தாவது விதிக்கு நேரம் பிழையின்றி எழுதப்படுதல் இன்றியமையாதது. இந்திய நேரம் சர்வதேச நேரத்துக்கு 5 மணி 30 நிமிஷம் முந்தியது. ஒரு கணிப்பொறி இந்திய நேரத்தையும் மற்றொன்று சர்வதேச நேரத்தையும் கொண்டு, எந்த நேரம் என்று குறிக்காமல் செய்தியைப் பரிமாறிக்கொண்டால், எச்சரிக்கை ஐந்தரை மணி முன்னதாக மறையும் அல்லது ஐந்தரை மணி கூடுதலாக நிற்கும். இரண்டும் தீங்கே. ஆகவேதான் நெறிமுறை, நேரத்துடன் அதன் வேறுபாட்டையும் சேர்த்தே எழுதும்படி விதிக்கிறது.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

எச்சரிக்கைக்குரிய பகுதியை மாவட்டத்தின் பெயரால் குறிப்பிடலாம். ஆனால் புயல் மாவட்ட எல்லைகளை அறியாது. திருப்பதி மாவட்டம் முழுவதற்கும் கடற்கொந்தளிப்பு எச்சரிக்கை அனுப்பினால், மலையடிவாரத்து ஊர்களிலும் கைப்பேசிகள் ஒலிக்கும். அதேவேளை எல்லைக்கு அப்பால், அதே ஏரியில் படகு செலுத்தும் தமிழ்நாட்டு மீனவருக்கு அச்செய்தி கிடைக்காமற் போகலாம். ஆதலால் வரைபடத்தின்மீது பலகோணம் ஒன்றை வரைந்து, அதன் மூலைகளின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைச் செய்தியுடன் சேர்த்து அனுப்பும் முறை ஏற்பட்டது. முதல் மூலையும் கடைசி மூலையும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிடில் உருவம் மூடப்படாது.

ஓர் ஊர் அப்பலகோணத்துக்குள் இருக்கிறதா என்பதைக் கணிப்பொறி அறிவது எவ்விதம்? அவ்வூரைக் குறிக்கும் புள்ளியிலிருந்து ஏதேனும் ஒரு திசையில் நேர்கோடு ஒன்றை முடிவின்றி இழுக்கவேண்டும். அக்கோடு பலகோணத்தின் பக்கங்களை எத்தனை முறை வெட்டுகிறது என எண்ணவேண்டும். ஒற்றைப்படை எண்ணாயின் புள்ளி உள்ளே இருக்கிறது. இரட்டைப்படையாயின் வெளியே இருக்கிறது. பூஜ்யமும் இரட்டைப்படையாகவே கொள்ளப்படும். கரும்பலகையில் இதை எளிதில் செய்துகாட்டலாம். கோடு சரியாக ஒரு மூலையின் வழியே சென்றால் என்ன செய்வது என்னும் கேள்வியை மாணவர்களே எழுப்புவர். அம்மூலையில் சந்திக்கும் பக்கங்களில், மறுமுனை கோட்டுக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எண்ணவேண்டும் என விதித்துக்கொண்டால் சிக்கல் தீரும்.

வரிசையும் முன்னுரிமையும்

புயல் நாளில் ஒரே நேரத்தில் பல செய்திகள் வந்து சேரும். தொடர்பு வழியோ குறுகலாக இருக்கும். வந்த வரிசைப்படியே அனுப்பினால், 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்னும் செய்திக்குப் பின்னால் 'உடனே கரைக்குத் திரும்புக' என்பது காத்து நிற்க நேரலாம். இதைத் தவிர்க்க முன்னுரிமை வரிசை உபயோகிக்கப்படுகிறது. மருத்துவமனையில் முதலில் வந்தவரைவிடக் கடும் காயமுற்றவரை முன்னே அழைப்பதை ஒத்தது இது.

இம்முறையிலும் ஒரு குறை உண்டு. உயர்ந்த முன்னுரிமையுள்ளவை இடைவிடாது வந்துகொண்டிருந்தால், தாழ்ந்தவை ஒருபோதும் அனுப்பப்படாமலே போய்விடும். காத்திருக்கும் நேரத்துக்கேற்ப ஒவ்வொரு செய்தியின் முன்னுரிமையையும் சிறிது சிறிதாக உயர்த்துவதே இதற்குப் பரிகாரம். வரிசையிலிருந்து எடுக்கும்போது காலாவதி நேரத்தையும் பார்க்கவேண்டும். காலம் கடந்த செய்தியை அனுப்புவதைவிட விட்டுவிடுவதே நலம்.

பெற்றுக்கொண்டதற்கு அடையாளம்

அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய, பெறுபவர் பக்கத்திலிருந்து ஒப்புகை வரவேண்டும். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிடில் நிரல் மீண்டும் அனுப்பும். ஆனால் கம்பிகள் அறுந்து, கோபுரங்கள் செயலிழந்த நிலையில் எல்லாக் கருவிகளும் ஒவ்வொரு விநாடியும் முயன்றால், எஞ்சியுள்ள வழியும் அடைபட்டுவிடும். ஆகையால் 1 நிமிஷம், 2 நிமிஷம், 4 நிமிஷம், 8 நிமிஷம் என இடைவெளியை இரட்டித்துக்கொண்டே செல்வது வழக்கம். கருவிகள் யாவும் ஒரே கணத்தில் முயலாதிருக்கும் பொருட்டு, இடைவெளியுடன் எதேச்சையான சில விநாடிகளும் கூட்டப்படும். சில முயற்சிகளுக்குப் பின்னும் பயனில்லையேல் வேறு வழியை நாடவேண்டும்: குறுஞ்செய்தி, பிறகு தொலைபேசி அழைப்பு, பிறகு கம்பியில்லாத் தந்தி, இறுதியில் நேரில் செல்லும் மனிதர்.

மீண்டும் அனுப்புவதால் மற்றொரு விளைவும் உண்டு. செய்தி சேர்ந்து, ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்திருந்தால், அதே செய்தி இரண்டாம் முறையும் போய்ச் சேரும். பெறும் நிரல் அடையாள எண்ணைப் பார்த்து, முன்னரே கண்டதாயின் மணியொலிக்காமல் ஒப்புகையை மட்டும் திரும்ப அனுப்பவேண்டும். ஒரு செயலை எத்தனை முறை செய்தாலும் ஒரு முறை செய்த விளைவே ஏற்படுமாறு அமைத்தல் நிரலாக்கத்தின் முக்கியமான நெறிகளுள் ஒன்றாகும்.

செல் ஒலிபரப்பு என்னும் முறையிலும் இந்நெறியைக் காணலாம். இதில் ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணுக்கும் தனித்தனியே செய்தி அனுப்பப்படுவதில்லை. கோபுரம் தன் எல்லைக்குட்பட்ட கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒருசேர ஒலிபரப்புகிறது. எண்களின் பட்டியலே தேவையில்லை. வெளியூரிலிருந்து நெடுஞ்சாலையில் தடாவைக் கடந்து செல்லும் வாகன ஓட்டிக்கும் செய்தி கிடைக்கும். பின்னர் கைப்பேசியை இயக்குவோருக்கும் கிடைக்கும்பொருட்டு ஒரே செய்தி திரும்பத் திரும்ப ஒலிபரப்பப்படும். எனினும் அதனுடன் செல்லும் வரிசை எண்ணைக் கொண்டு, முன்பே காட்டியதைக் கைப்பேசி மறுபடி காட்டாது விடுகிறது. இந்தியாவில் இம்முறை 2023ஆம் ஆண்டில் பல மாநிலங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஒப்புகையின் பொருளைக் கள ஊழியர்கள் சரியாக உணர்தல் அவசியம். செய்தி வலையமைப்பை அடைந்தது என்பது முதற்படி. கைப்பேசியை அடைந்தது என்பது இரண்டாம் படி. மனிதர் படித்து, விளங்கிக்கொண்டு, படகைக் கரையேற்றினார் என்பது மூன்றாம் படி. முதல் இரண்டையும் கணிப்பொறி அறியும். மூன்றாவதைக் கிராமத்தில் உள்ள ஊழியரே அறிவர். ஆதலின் நல்ல ஏற்பாடுகளில், 'கிராமத்தார்க்குத் தெரிவிக்கப்பட்டது' என்று ஊழியர் பதிவு செய்வதற்குத் தனி இடம் அமைக்கப்படுகிறது. அப்பதிவு வரும் வரை மேலதிகாரியின் திரையில் அவ்வூர் முடிவுறாததாகவே காட்டப்படவேண்டும்.

ஊசலாட்டத்தைத் தடுத்தல்

காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று நிரலுடன் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை, குறைந்தால் விலக்கல் என்பது விதி. அளவுகள் முறையே 44, 46, 44, 47, 43, 46 என வருகின்றன. ஆறு அளவுகளுக்குள் மூன்று எச்சரிக்கைகளும் இரண்டு விலக்கல்களுமாக ஐந்து செய்திகள் பிறந்துவிடும். காற்றில் பெரிய மாறுதல் ஏதுமில்லை. குழப்பம் விதியினால் விளைந்தது.

இதைத் தடுக்க இரு எல்லைகள் வைக்கப்படுகின்றன. 45ஐத் தாண்டினால் எச்சரிக்கை பிறக்கும்; 35க்குக் கீழே இறங்கினால் மட்டுமே அது விலகும். மேற்கண்ட அளவுகளுக்கு இப்போது ஒரே ஒரு செய்திதான் செல்லும். தொடர்ந்து சில அளவுகள் எல்லையைத் தாண்டியிருந்தால் மட்டும் செயற்படுதல், ஒரே வகையான சிறு செய்திகளை ஒரு மணிக்கு ஒரு முறை தொகுத்து அனுப்புதல் ஆகியவையும் இதே நோக்கம் கொண்டவை. எனினும் மிகக் கடுமையான எச்சரிக்கையைத் தொகுப்புக்காக நிறுத்திவைத்தல் கூடாது.

மௌனமும் ஒரு செய்தி

துறைமுகக் கூண்டுகளில் 11ஆம் எண் தனித்தன்மை உடையது. புயல் எச்சரிக்கை நிலையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு இடமுண்டு என உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வராமையையே ஆபத்தின் அடையாளமாகக் கொண்ட நுட்பமான ஏற்பாடு இது.

கணிப்பொறி நிரல்களில் இது பலமுறை மறக்கப்படுகிறது. திரையில் எச்சரிக்கை ஒன்றுமில்லை. ஆகவே அபாயமில்லை என்று ஊழியர் கருதுவார். உண்மையில் தொடர்பே அறுந்திருக்கலாம். இதனைப் போக்க, செய்தி ஏதும் இல்லாதபோதும் குறித்த இடைவெளியில் 'உயிருடன் உள்ளேன்' என்னும் சிறு குறிப்பை நிலையம் அனுப்பிக்கொண்டிருக்கவேண்டும். நாடித்துடிப்பைப் போன்ற இக்குறிப்பு தொடர்ந்து மூன்று முறை தவறினால், பெறும் நிரல் தானாகவே 'தொடர்பு இல்லை' என்று திரையில் பெரிதாகக் காட்டி, ஊழியரை வேறு வழியில் விசாரிக்கத் தூண்டவேண்டும்.

சோதனையும் உண்மையும்

2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காலை, அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில், ஏவுகணை வந்துகொண்டிருப்பதாக மக்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை சென்றது. பயிற்சி ஒன்றின்போது தவறுதலாக உண்மையான அறிவிப்பு அனுப்பப்பட்டுவிட்டது. அது பொய்ச்செய்தி என்னும் திருத்தம் கைப்பேசிகளை அடைய 38 நிமிஷங்கள் ஆயின. தவறான அறிவிப்பைத் திரும்பப் பெறுவதற்கான வாசகம் ஆயத்தமாக இல்லாமையும் தாமதத்துக்கு ஒரு காரணம் என விசாரணையில் தெரிந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடங்கள் மூன்று. சோதனைக்கும் உண்மைக்கும் தனித்தனித் திரைகள், தனித்தனி நிறங்கள் இருக்கவேண்டும். கடுமையான அறிவிப்பு வெளிச்செல்ல இருவரின் ஒப்புதல் தேவைப்படவேண்டும். அறிவிப்பை எழுதும்போதே அதை ரத்து செய்யும் வாசகமும் எழுதி வைக்கப்படவேண்டும்.

மொழியும் எழுத்தெண்ணிக்கையும்

தடா வட்டாரத்தில் தெலுங்கும் தமிழும் வழங்குகின்றன. ஓர் அறிவிப்பில் பல மொழிப் பகுதிகள் இருக்கலாம். அவை அனைத்துக்கும் அடையாள எண் ஒன்றே. பெறுபவர் தேர்ந்தெடுத்த மொழியை நிரல் காட்டவேண்டும். அம்மொழியில் இல்லாவிடில் கிடைக்கும் மொழியில் காட்டவேண்டும். எதையும் காட்டாதிருத்தல் தகாது.

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் இடம்பெறும். தமிழிலும் தெலுங்கிலும் 70 குறியீடுகளே இடம்பெறும். மேலும் 'எச்சரிக்கை' என்னும் சொல்லில் கண்ணுக்குத் தெரிபவை ஆறு எழுத்துகள். கணிப்பொறி எண்ணுவதோ பத்துக் குறியீடுகள். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். ஆகையால் செய்ய வேண்டியதை முதற் சொற்களிலேயே கூறவேண்டும். 'ஏரிக்குச் செல்லாதீர்' என்று தொடங்கும் செய்தி பாதியில் அறுந்தாலும் பயன் தரும். துறையின் பெயரையும் தேதியையும் கொண்டு தொடங்கும் செய்தி அறுந்தால் பயனில்லை.

வகுப்பறைப் பயிற்சி

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இம்முறைகளைக் கற்பிக்கலாம். ஆறு சீட்டுகளை எழுதி, கீழ்க்கண்ட வரிசையில் ஒவ்வொன்றாக ஒரு மாணவரிடம் கொடுக்கவும். அவரே நிரல், கரும்பலகையே மீனவரின் திரை.

சீட்டு 1: எண் 21, காலை 6 மணி, புதியது, பலத்த காற்று.
சீட்டு 2: எண் 21, முன்னதன் மறுபிரதி.
சீட்டு 3: எண் 23, காலை 9 மணி, 21, 22 ஆகியவற்றின் திருத்தம், மிகப் பலத்த காற்று.
சீட்டு 4: எண் 22, காலை 8 மணி, 21இன் திருத்தம்.
சீட்டு 5: எண் 24, காலை 10 மணி, பயிற்சி, சுனாமி.
சீட்டு 6: எண் 25, நண்பகல், 23 ரத்து.

மாணவர் விதிகளைச் சரியாகப் பின்பற்றினால் மீனவரின் திரையில் மூன்று முறை மட்டுமே மாற்றம் நிகழும்: 21 தோன்றுதல், அதன் இடத்தில் 23 தோன்றுதல், 25ஆல் 23 நீங்குதல். இரண்டாம் சீட்டு மறுபிரதியாதலால் ஒதுக்கப்படும். நான்காம் சீட்டு தாமதித்து வந்ததாதலால் பதிவேட்டில் மட்டும் எழுதப்படும். ஐந்தாம் சீட்டு பயிற்சியில் பங்குபெறுவோருக்கு மட்டும், 'பயிற்சி' என்னும் குறியுடன் செல்லும்.

பின்னர் விதிகளைப் புறக்கணித்து அதே சீட்டுகளைக் கையாளும்படி மற்றொரு மாணவரிடம் கூறவும். ஆறு செய்திகள் கரும்பலகையை நிரப்பும். மிகப் பலத்த காற்று பற்றிய செய்திக்குக் கீழே பழைய செய்தி நிற்கும். அதன் கீழே பயிற்சிக்கான சுனாமிச் செய்தி உண்மை போல் நிற்கும். இரக்கம் தீவிலிருந்து கரைக்குப் படகில் புறப்பட இருப்பவராகத் தம்மை எண்ணிக்கொண்டு, இதைப் படித்தபின் என்ன செய்வார் என்று மாணவர் ஒவ்வொருவரையும் கேட்கவும். அவர்கள் கூறும் விடைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கும். முதல் முறையில் எல்லோரும் ஒரே விடையைக் கூறியிருப்பர். எச்சரிக்கை நிரல் ஒன்று செவ்வனே அமைந்துள்ளதா என்பதை ஆராயவும் இதுவே எளிய வழியாகும்.